பெருங்காயப் பிளாஸ்திரி

ஈச்சம்பட்டி வெங்காய மண்டியில் காயங்கள் தோலை விட்டுக் கழன்று பிளாஸ்திரியோடு வரத் தொடங்கியது ஓர் ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை டீ வந்து சேர்ந்த நேரத்தில். அன்றைக்கு டீயில் சர்க்கரை மட்டு என்பதைத்தான் அங்கே வேலை பார்த்த முப்பது பெண்களும் இன்றைக்கு வரை முதலில் சொல்வார்கள், காயம் கழன்ற சேதி அதற்கு அடுத்தபடிதான்.

அந்த முப்பது பேரும் முப்பது அரிவாள்மனைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் அறுத்துத் தள்ளுவார்கள், கண்ணில் நீர் வழிய வழிய ஊர் வம்பு பேசிச் சிரிப்பார்கள், ஒரு நாளைக்கு நாலு விரலாவது அறுபடும். அறுபட்டால் ஒருத்தி காபித்தூளை அள்ளி அப்புவாள், இன்னொருத்தி வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பைத் தடவுவாள், மூன்றாமவள் முந்தானையைக் கிழித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வேலையைப் பார்ப்பாள். இந்த அநியாயத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல்தான் பரிபூரணம் ஒரு பிஸ்கட் டப்பாவின் மேல் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கூட்டல் குறி போட்டு, உள்ளே சோப்பும் பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி வைத்து, மண்டியின் காயங்களுக்கெல்லாம் தன்னைத்தானே அதிகாரியாக நியமித்துக்கொண்டாள்.

அவளுக்கு அந்த அதிகாரம் வந்த வழி துக்கமானது. அவள் புருஷன் துரைச்சாமி ஒரு துருப்பிடித்த ஆணியை மிதித்துவிட்டு, மேலே சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, இதெல்லாம் ஒரு காயமா என்று எட்டு நாள் திரிந்து, ஒன்பதாம் நாள் தாடை இறுகி ரணஜன்னியில் போய்ச் சேர்ந்தான். சோப்புப் போட்டுக் கழுவி ஓர் ஊசி போட்டிருந்தால் மனுஷன் இன்றைக்கும் இருந்து அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான் என்று நர்ஸம்மா சொன்னதிலிருந்து, பரிபூரணத்துக்கு அழுக்கு என்றால் ஜென்மப் பகை. ரத்தம் சொட்டச் சொட்ட எவள் ஓடி வந்தாலும் முதலில் குழாயடிக்குத்தான் விரட்டுவாள்.

"மொதல்ல காயத்தக் கழுவு. நானும் எங்கையக் கழுவுறேன். அப்பறந்தான் டப்பாவத் தொறப்பேன்."

"அதுக்குள்ள ரத்தம் பூராம் போயிரும்க்கா."

"போனாப் போகட்டும். நாளைக்கு ரெண்டு கை முருங்கக்கீரை கூடத் தின்னு."

கழுவிய விரலைத் துடைத்து, வாயால் ஊதக் கூடாது என்று அதட்டி, பஞ்சு சரியாகக் காயத்தின் மேல் உட்காரும்படி, பசை காயத்தில் படாதபடி, விரல் நீலம் பாரிக்காத அளவுக்கு இழுத்து அவள் ஒட்டுகிற அழகைப் பார்ப்பதற்கே சிலர் அடிக்கடி அறுத்துக்கொள்கிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ஒட்டிய கையோடு நோட்டில் எழுதுவாள். பெயர், காயம், சிகிச்சை என்று மூன்று பத்திகள். காயம் என்ற பத்தியில் எழுத அவளிடம் இரண்டே வார்த்தைகள் இருந்தன, சிறுகாயம், பெருங்காயம். ஆறு வருஷமாகச் சிறுகாயம் மட்டுமே எழுதிவந்தவள் முதன்முதலாகப் பெருங்காயம் என்று எழுதியது தன் வீட்டு ஆள் ஒருத்திக்குத்தான்.

சிட்டம்மா பரிபூரணத்தின் நாத்தனார். வாழப்போன எட்டாம் மாதமே அந்த வீட்டுக் குழம்பு வாயில் வைக்க முடியவில்லை என்று சொல்லி அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள், அண்ணன் போன பிறகும் மதினியை விட்டுப் போகாமல், ஒரே அடுப்பில் இரண்டு பேரும் தினம் மூன்று வேளை சண்டை போட்டு, ஒருத்தி சாப்பிடாமல் இன்னொருத்தி சாப்பிட மாட்டாள் என்கிற மாதிரி பதினோரு வருஷம் ஓட்டியவள். வெங்காயம் அறுப்பதில் அவள் கைக்கு ஈச்சம்பட்டியில் ஜோடி கிடையாது. ஆனால் சர்க்கரை நோய் கால் பக்கமிருந்து வந்தது. செருப்புக்குள் ஒரு கல் கிடந்ததே தெரியாமல் ஒரு பகல் முழுக்க நடந்திருக்கிறாள். குதிகாலில் விழுந்த சின்னப் புண் வலிக்கவே இல்லை, வலிக்காததாலேயே வளர்ந்து உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் இரண்டு கட்டளை போட்டார். தினமும் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். காலைத் தரையில் ஊன்றவே கூடாது. இரண்டில் எது தவறினாலும் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

சுகாதார நிலையம் எங்கோ இல்லை. மண்டியின் பின்கட்டிலிருந்து இருநூறு அடி நடந்தால் அதன் கொல்லைக் குழாய். ஆனால் நடுவில் ஒரு சுவர் நின்றது. அந்தப் பக்கம் நந்தவன நகர் என்று புது வீடுகள் வந்தபோது, ஊர்ப் பொதுப்பாதையை மறித்து எட்டடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, உச்சியில் கண்ணாடிச் சில்லும் பதித்துவிட்டார்கள். கேட்டால் வெங்காய வாடை என்றார்கள். வாடைக்குச் சுவர் கட்டிய முதல் ஊர் இதுதான் என்று சிட்டம்மா சொல்வாள். வாடை என்னவோ சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் தாராளமாகப் போய்வந்தது, மனிதர்கள்தான் நாலு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தது.

ஆகவே பரிபூரணம் மண்டிக்குச் சரக்கு வாங்கப் போகிற டெம்போ டிரைவர் அமல்ராஜிடம், சிட்டம்மாவின் காலை மனத்தில் வைத்து, ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்: பெருங்காயப் பிளாஸ்திரி, ஒரு பெட்டி. பெரிய காயத்துக்கு ஒட்டுகிற அகலப் பிளாஸ்திரி என்பது அவள் கணக்கு. டவுனில் மொத்தக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்து, நடுவில் ஒரு கமா விட்டுப்போனதாக முடிவு செய்து, கட்டிப் பெருங்காயம் ஒரு பெட்டியும் சாதாரணச் சின்னப் பிளாஸ்திரி ஒரு பெட்டியும் எடுத்து ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார். மழையில் டெம்போ வழியில் படுத்துவிட்டது. மூன்று நாள் அந்தச் சாக்குக்குள் பெருங்காயமும் பிளாஸ்திரியும் நெருங்கிப் பழகி, மண்டிக்கு வந்து பிரித்தபோது மூக்கில் ஏறிய வாசத்தில் வெங்காயமே வாயடைத்துப் போயிற்று.

"மதினி, இத வெரல்ல ஒட்டுறதா, சாம்பார்ல போடுறதா?" என்றாள் சிட்டம்மா.

பரிபூரணம் அமல்ராஜை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். ஆனால் டப்பாவில் பழைய பிளாஸ்திரி தீர்ந்துபோயிருந்தது, அன்றைக்கே முப்பது பேரில் ஒருத்தியான ஒச்சம்மா கட்டைவிரலை அறுத்துக்கொண்டு வந்து நின்றாள். வேறு வழியில்லாமல் அந்த வாசப் பிளாஸ்திரியில் ஒன்றை எடுத்து, கழுவித் துடைத்து ஒட்டி, தினமும் மாற்ற வரணும் என்று சொல்லி அனுப்பினாள். ஒச்சம்மா ஊர்ச் சோம்பேறி, மூன்றாம் நாள்தான் வந்தாள். அதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. பரிபூரணம் ஓரத்தை நனைத்து மெதுவாக உரித்தபோது, பிளாஸ்திரியோடு காயமும் கழன்று வந்தது. பஞ்சின் மேல் உதட்டை மூடிக்கொண்டு சிவப்பாக, அரை அங்குல நீளத்துக்கு முழுசாகப் படுத்திருந்தது. கட்டைவிரலில் ரேகை கூடக் கலையவில்லை.

ஒச்சம்மா விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "பசை நல்ல பசையா இருக்கும்போல," என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்காகக் குடித்துப் போய் உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்தாள்.

இனி அந்தக் காயத்தை என்ன செய்வது என்பதுதான் மண்டிக்கு வந்த பிரச்சினை. குப்பையில் போட்டார்கள், குப்பையைக் கிளறிய நாயின் மூக்கில் அது போய் ஒட்டிக்கொண்டது, பிறகு அந்த நாய்க்குப் பிளாஸ்திரி போட்டு மூன்று நாள் அதன் பின்னால் அலைந்து மீட்டார்கள். அடுத்தடுத்து வந்த காயங்களைப் பரிபூரணம் நோட்டில் அவரவர் பெயருக்கு நேரே ஒட்டிவைத்தாள்; மறுநாள் பார்த்தால் நோட்டு அட்டை வரைக்கும் கிழிந்திருந்தது, புது நோட்டுப் போட வேண்டியதாயிற்று. சாக்கில் ஒட்டினால் சாக்கு வாய் பிளந்து வெங்காயம் கொட்டியது, தகர டப்பாவில் போட்டால் தகரம் அறுந்தது. தோலிலிருந்து விடுபட்ட காயம் எதில் ஒட்டினாலும் அதைத் திறந்துவிடுகிறது என்று இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் புரிந்துபோயிற்று. கடைசியில் வழி சொன்னவள் சிட்டம்மாதான்.

"பெரிய வெங்காயத்து மேல ஒட்டி வைங்கடி. வெங்காயத்துக்குப் பேருலயே காயம் இருக்கு, அதுக்குப் புதுசாவா வலிக்கப்போகுது?"

சொன்னபடியே ஆயிற்று. வெங்காயத்தில் ஒட்டிய காயம் ஒரு தோலைத் திறந்தால் உள்ளே இன்னொரு தோல், அதைத் திறந்தால் இன்னொன்று என்று போய்ப் போய்ச் சலித்து, பிளாஸ்திரிக்குள்ளேயே திரும்பி வந்து படுத்துக்கொண்டது. பின்கட்டில் காயங்களுக்கென்று தனியாக ஒரு சாக்கு வைத்தார்கள். யார் காயம் எந்த வெங்காயம் என்று பரிபூரணம் பேனாவால் எழுதியும் வைத்தாள்.

சேதி பரவ எத்தனை நாள் வேண்டும்? சவரம் செய்கிறவர், பஞ்சர் ஒட்டுகிறவர், தேங்காய் உடைத்து உடைத்துச் சில்லு குத்திய கோயில் பூசாரி, புதுச் செருப்புக் கடித்த கல்யாணப் பெண் என்று வரிசை கட்டினார்கள். எல்லோரையும் பரிபூரணம் குழாயடிக்கு விரட்டினாள். பூசாரி, நான் குளித்துவிட்டுத்தான் வருகிறேன் என்றார். சாமிக்குக் குளித்தது வேறு, சோப்புப் போட்டுக் கழுவுவது வேறு என்று அவரையும் விடவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸம்மா பெனினா ஸ்கூட்டரில் சுற்றி வந்து, வெங்காயச் சாக்கைப் பார்த்து, காயம் கழன்று வருவதை ஒரு தடவை நேரிலும் பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம். இரும்பு கிழிச்சவங்கள்லாம் ஊசி போட்டாச்சா?" என்று மட்டும் கேட்டு, போடாத ஏழு பேருக்குப் போட்டுவிட்டுப் போனாள்.

வரப்புத் தகராறில் நெற்றி கிழிந்த பெரியகருப்பன் கதை தனி. காயம் கழன்ற சந்தோஷத்தில் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடுத்திருக்கிறான். எங்கேய்யா அடிபட்டது என்று கேட்டார்கள். தடவிப் பார்த்தால் நெற்றி வழவழவென்று இருக்கிறது. அலறியடித்துத் திரும்பி வந்து காயத்தைத் திருப்பித் தா என்றான். பரிபூரணம் அவன் வெங்காயத்தைத் தேடி எடுத்து, "தர்றேன், வேணாம்னு சொல்லல. ஆனா மறுபடியும் கழுவணும், மறுபடியும் வலிக்கும், மறுபடியும் ஊசி," என்றாள். பெரியகருப்பன் அந்த வெங்காயத்தைச் சாக்கிலேயே திரும்பப் போட்டுவிட்டு, இவ்வளவு பாடுபடுவதற்கு அடித்தவனோடு சமாதானமாகவே போய்விடலாம் என்று கிளம்பிப் போனான்.

நந்தவன நகரிலிருந்தும் வந்தார்கள். பிள்ளைகளுக்கு முட்டி தேயாத வீடு உண்டா? அவர்களும் நாலு கிலோமீட்டர் சுற்றிக் காரில்தான் வந்தாக வேண்டும், அவர்கள் கட்டிய சுவர்தானே. நகர்ச் சங்கத் தலைவர் சற்குணநாதனுக்குக் கை நடுக்கம், சவரம் செய்கிறபோதெல்லாம் தாடையில் ஒரு கீறல். வேட்டி மடிப்புக் கலையாத மனிதர், யாரையும் ஒருமையில் பேசாதவர். அவர் தாடையைக் கழுவித் துடைத்துப் பிளாஸ்திரி ஒட்டுகிற நேரம் பார்த்துத்தான் பரிபூரணம் தன் வழக்கைத் தொடங்கினாள்.

"சார், எங்க நாத்தனாருக்குக் கால்ல பெருங்காயம். இந்தா, சொவத்துக்கு அங்கிட்டுத்தான் கட்டு மாத்துற எடம்."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க சார், தாடை அசைஞ்சா ஒட்டாது. கால ஊனக் கூடாதுங்குறாங்க, தெனமும் வரச் சொல்றாங்க, நாலு கிலோமீட்டர் எப்புடி சார் பறந்தா போவா? ஒரு ஆளு போற அளவுக்கு ஒரு கதவு வைங்க, போதும். அசையாதீங்க."

மூன்றாம் நாள் பிளாஸ்திரி உரிக்க வந்தபோது பதில் சொன்னார். "கமிட்டியில பேசினேம்மா. வாடை விஷயத்துல எல்லாரும் பிடிவாதமா இருக்காங்க. என் ஒருத்தன் முடிவு இல்ல பாருங்க." அவர் தாடைக் கீறலை வெங்காயத்தில் ஒட்டி, பெயர் எழுதி, சாக்கில் போட்டுவிட்டுப் பரிபூரணம் கை கழுவப் போனாள்.

ஊர் முழுக்கக் காயத்தை உரித்தெறிந்துவிட்டுத் திரிய, அவள் வீட்டுக் காயம் மட்டும் அசையவில்லை. பிளாஸ்திரி பஞ்சுக்குள் அடங்குகிற காயம்தான் கழன்று வந்தது. சிட்டம்மாவின் புண்ணைச் சுற்றி எட்டுப் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தும் நடுப்பகுதி நகரவில்லை. இதை நோண்டாதீர்கள் என்று பெனினா கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தாள். நாலு ஊர் பார்க்கிற நர்ஸம்மாவால் தினமும் ஸ்கூட்டரில் சுற்றி வரவும் முடியாது. மண்டியின் மூன்று சக்கர வண்டியில் சிட்டம்மாவை உட்காரவைத்துப் பரிபூரணமே மிதித்துப் போனாள். மழையில் வண்டி சேற்றில் இறங்கிய நாளெல்லாம் கட்டு மாற்றாத நாளாயிற்று. புண்ணின் ஓரம் கறுத்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, வருகிற வியாழக்கிழமை ஈச்சம்பட்டி சுகாதார நிலையத்துக்கே வருகிறேன், அதற்குள் கறுப்பு ஏறியிருந்தால் பாதத்தை எடுப்பதுதான் உயிருக்கு நல்லது என்றார்.

"போனாப் போகட்டும் மதினி," என்றாள் சிட்டம்மா வண்டியில் திரும்பி வருகையில். "காலுதான போகுது. வாய் இருக்குல்ல, அத வச்சுப் பொழச்சுக்கிறேன்."

பரிபூரணம் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மண்டியில் வருஷக்கணக்காக அழுதவள்தான், ஆனால் அன்றைக்கு எதிரில் பழி போட ஒரு வெங்காயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முன்பகல், லேசாக வெயில் அடித்தது. மண்டிப் பின்கட்டில், சுவருக்கு எதிரே, சிட்டம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் காலை ஒரு முக்காலியில் தூக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் காயச் சாக்கு. சுவருக்கு அப்பால் யாரோ ஒரு அம்மாள், "சனியன் பிடிச்ச வாடை, ஜன்னலைச் சாத்துடி," என்று சொன்னது தெளிவாகக் கேட்டது. சிட்டம்மாவுக்கு வந்ததே கோபம். "வாடையா? இந்தா வச்சுக்க!" என்று சாக்கிலிருந்து கைக்கு வந்த வெங்காயத்தை எடுத்துச் சுவரில் ஓங்கி எறிந்தாள். வெங்காயம் கீழே விழுந்தது, பிளாஸ்திரி மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. காய்ந்த பசை, கொஞ்ச நேரத்தில் அதுவும் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் சுவரில் அரை அங்குலத்துக்கு ஒரு கீறல்.

"மதினி," என்று கத்தினாள் சிட்டம்மா, "இங்க வந்து பாரு. சொவத்துல ரத்தம் வரல, வெளிச்சம் வருது!"

பரிபூரணம் ஓடி வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அந்தப் பக்கம் கொல்லைக் குழாயடியில் பெனினா கத்தரிக்கோலைக் கழுவிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவள் நோட்டைப் புரட்டி எண்ணினாள். சாக்கில் நானூற்றுப் பன்னிரண்டு காயம் கிடந்தது. மண்டிக்குள் திரும்பி நின்று, "எல்லாரும் அருவாமனைய மடக்குங்கடி," என்றாள், "கையக் கழுவிட்டு வாங்க."

இதில்தான் பரிபூரணம் பரிபூரணமாக நின்றாள். வேறு ஒருத்தியாக இருந்தால் அவசரத்தில் வெங்காயம் வெங்காயமாக எடுத்துச் சுவரில் அறைந்திருப்பாள். அழுக்கில் ஒட்டினால் எதுவும் நிற்காது என்று இவளுக்குத் தெரியும். முப்பது பெண்களும் சேர்ந்து சுவரைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள், பாசியைச் சுரண்டினார்கள், நல்ல தண்ணீர் விட்டு அலசி, மண்டிச் சாக்கால் துடைத்து, திங்கட்கிழமை மதியம் வரை காயவிட்டார்கள். பிறகு ஒச்சம்மா சுண்ணாம்பால் ஆள் உயரத்துக்குக் கோடு போட, அந்தக் கோட்டின் மேல் தலை முதல் அடி வரை, நெருக்கி நெருக்கி, ஒரு காயத்தின் முனை அடுத்த காயத்தின் முனையைத் தொடும்படி நாலு வரிசையாக ஒட்டினார்கள். காய்ந்துபோன பசைக்கு மேல் புதுப் பிளாஸ்திரி குறுக்கே போட்டு இறுக்கினாள் பரிபூரணம். சவரக்காரர் காயம், பூசாரி காயம், கல்யாணப் பெண்ணின் குதிகால், நாய் மூக்கு, நந்தவன நகர்ப் பிள்ளைகளின் முட்டி என்று எல்லாம் அங்கே வரிசையில் நின்றன. கடைசிப் பிளாஸ்திரி ஒட்டியதும் பெட்டி காலி.

"மூணு நாளைக்கு நனையக் கூடாது," என்று உத்தரவு போட்டாள்.

ஐப்பசி மாதத்தில் அப்படியொரு உத்தரவைப் போட வேறு யாருக்குத் துணிச்சல் வரும்? புதன்கிழமை மத்தியானம் மழை பொத்துக்கொண்டு ஊற்றியது. வெங்காயம் மூடுகிற தார்ப்பாயை எல்லாம் எடுத்து வந்து, பத்துப் பத்துப் பேராக முறை வைத்து, சுவரின் மேல் கூரை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மண்டிக்குள் வெங்காயம் நனைந்தது, முதலாளி கங்காதரன் தலையில் கை வைத்தார், பிறகு என்ன நினைத்தாரோ அவரும் வந்து ஒரு மூலையைப் பிடித்தார். சற்குணநாதன் குடையோடு காரில் வந்து இறங்கினார்.

"என்னம்மா இது, சுவத்துல?"

"கட்டுப் போட்ருக்கோம் சார்."

"சுவத்துக்கா?"

"ஆமா சார். ஒங்க தாடைக் காயங்கூட மூணாவது வரிசைல இருக்கு. பிரிச்சா இப்ப நனைஞ்சிரும்."

சற்குணநாதன் தாடையைத் தடவிக்கொண்டார். கட்டுப் போட்டதைப் பாதியில் பிரிக்கச் சொல்கிற அளவுக்கு அவர் கெட்டவரில்லை. திரும்பிப் போய்க் கமிட்டியில் அவர் சொன்னதைக் கேட்டு, அந்தப் பக்கம் ஒரு டீச்சரம்மா, தன் மகள் முட்டிக்காயமும் அதில் இருக்கிறதே என்று பதறிக் குடையை எடுத்துக்கொண்டு வந்து சுவரோரம் நின்றாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு குடைகள் வந்தன. உச்சியிலிருந்து வழிகிற தண்ணீரை அவர்கள் அந்தப் பக்கம் தடுக்க, இவர்கள் இந்தப் பக்கம் தடுக்க, நடுவில் சுவர் மட்டும் ஒரு சொட்டு நனையாமல் நின்றது.

வியாழக்கிழமை காலை பரிபூரணம் குளித்து, கை கழுவி, ஓரங்களை ஈரப்பஞ்சால் ஒற்றி, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக உரித்தாள். வெடுக்கென்று இழுக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டையும் உரிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசிப் பிளாஸ்திரி வந்ததும், சின்னச் சின்னக் காயமெல்லாம் ஒன்றையொன்று கை பிடித்துக்கொண்டு ஒரே காயமாகி, சுவர் கோடு போட்ட உயரத்துக்குச் சத்தமில்லாமல் விட்டுக்கொடுத்து, உள்ளே செங்கல் சிவக்கச் சிவக்க இரண்டு பக்கமும் ஒதுங்கி, நாற்காலியோடு ஓர் ஆள் போகிற அகலத்துக்கு வாய் திறந்தது. அந்தப் பக்கம் டீச்சரம்மா குடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இங்கிட்டுத் தண்ணி தேங்கிக் கெடக்கு, பாத்து வாங்க," என்றாள்.

ஒச்சம்மாவும் இன்னொருத்தியும் கையோடு கை கோத்து நாற்காலி போட, அதில் சிட்டம்மா ராணி மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டு, "நேராப் பிடிங்கடி, என்னையக் கவுத்துப்புடாதீங்க," என்று அதட்ட, பரிபூரணம் அவள் காலை இரண்டு கையிலும் ஏந்திக்கொள்ள, முப்பது பெண்களும் குலவை போட்டுக்கொண்டு அந்தத் திறப்பு வழியாகப் போனார்கள். குலவை போட எத்தனை நேரம்! இரண்டாவது குலவை முடிவதற்குள் சுகாதார நிலையம் வந்துவிட்டது. பெனினா வாசலில் நின்று, "எல்லாரும் கை கழுவிட்டு உள்ள வாங்க," என்றாள்.

டாக்டர் பார்த்தார். கறுப்பு ஏறவில்லை, ஓரத்தில் நின்றிருந்தது. இறந்த சதையை நீக்கிக் கட்டுப் போட்டு, இனி ஒரு நாள் தவறாமல் வர முடியுமா என்று கேட்டார். "ரெண்டு நேரம்னாலும் வருவோம்," என்றாள் பரிபூரணம். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் ஒரு நாள் தவறவில்லை. இந்தக் காயம் எந்த மாயத்துக்கும் கழன்று வரவில்லை. காயங்கள் ஆறுகிற பழைய முறையில், தினம் ஒரு நூல் அளவு, உள்ளிருந்து சதை பிடித்து ஓரம் கூடி ஆறியது. அதற்குள் டவுனிலிருந்து வந்த புதுப் பிளாஸ்திரிகள் வாசமில்லாத சாதாரணப் பிளாஸ்திரிகள்தான். அதைப் பற்றி ஒருத்தியும் வருத்தப்படவில்லை.

நந்தவன நகர்க் கமிட்டி மட்டும் ஓயவில்லை. கொத்தனாரைக் கூட்டி வந்து திறப்பைப் பூசச் சொன்னார்கள். செங்கல் வைத்தால் நிற்கவில்லை, சிமெண்ட் பூசினால் மறுநாள் பொருக்காக உதிர்ந்து கிடந்தது. மூன்று கொத்தனார் மாறிய பிறகு, தை மாதம் பத்தாம் தேதி, சற்குணநாதனே மண்டிக்கு வந்தார். காரை எடுக்கவில்லை. அந்தத் திறப்பு வழியாகத்தான் நடந்து வந்தார், ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை.

"அம்மா, கமிட்டியில முடிவா சொல்லிட்டாங்க. கட்டுப் போட்டுத் திறந்தது நீங்க. நீங்களே ஒரு பிளாஸ்திரி போட்டு மூடிக் குடுத்திருங்க."

மண்டியில் அரிவாள்மனைகள் நின்றன. பரிபூரணம் எழுந்து போய்க் கை கழுவினாள். பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து திறந்து, உள்ளே இருந்ததை அவருக்குக் காட்டினாள்.

"பாருங்க சார், எல்லாம் சின்னது. சிறுகாயத்துக்குத்தான் ஆகும். ஒங்க சொவத்துல இருக்கது பெருங்காயம். பெருங்காயப் பிளாஸ்திரி வேணும்னு போன ஐப்பசிலயே சீட்டு எழுதிக் குடுத்துட்டேன், இன்னும் வரல. வந்ததும் சொல்லி அனுப்புறேன்."

சற்குணநாதன் டப்பாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தாடையைத் தடவினார். அன்று காலையும் ஒரு கீறல் இருந்தது. "அதுவரைக்கும் இதுக்கு ஒண்ணு போட்டு விடுங்க," என்று குழாயடியைப் பார்த்து நடந்தார், இந்தத் தடவை யாரும் விரட்டாமலே.

அவரை அனுப்பிவிட்டுப் பரிபூரணம் நோட்டை எடுத்து, ஐப்பசியிலிருந்து எழுதாமல் விட்டுவைத்திருந்த ஒரு வரியை எழுதினாள். பெயர்: சுவர். காயம்: பெருங்காயம். சிகிச்சை என்ற பத்திக்கு வந்ததும் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அந்த நேரம் பார்த்து, ஆறிய குதிகாலில் புதுச் செருப்பு மாட்டிக்கொண்டு, உள்ளே கல் கிடக்கிறதா என்று பெனினா சொல்லிக்கொடுத்தபடி இரண்டு தடவை உதறிப் பார்த்துவிட்டு, சிட்டம்மா தன் காலால், ஒருத்தர் கையும் பிடிக்காமல், திறப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

"எங்கடி போற? இன்னைக்குத்தான் கட்டே இல்லயே!" என்று கத்தினாள் பரிபூரணம்.

"சும்மா மதினி!" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "சும்மா போயிட்டு வாறேன்!"

பரிபூரணம் சிகிச்சைப் பத்தியில், தேவையில்லை, என்று எழுதி நோட்டை மூடினாள்.